பூசாத விளிம்பு

என் பெட்டி ஏற்கெனவே இரண்டு தடவை பெயில் ஆகியிருந்தது. குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் தொட்டிலுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி அது. சூடெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஓடும் மின்சாரம் அலையாக வெளியே கசிந்தால், பக்கத்தில் இருக்கும் இதயத்துடிப்புக் கருவி குழம்பிவிடும். அப்படிப்பட்ட பெட்டியை எந்த ஆஸ்பத்திரியும் வாசலுக்குள் விடாது. மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் வேறு பெட்டியை வெளியில் வாங்கிக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். என் மூன்று வருஷ உழைப்பு போச்சு. நான் பழையபடி ரிப்பேர் மேஜைக்குப் போக வேண்டியதுதான்.

சோதனைக்கூடத்துக்கு என் வீட்டுக்காரரும் வந்தார். அதே கம்பெனியில் பெயிண்ட் பிரிவு அவருடையது. அவர் கையைத் தாண்டிய பெட்டியில் ஒரு கீறல் கண்டுபிடிக்க முடியாது. சாப்பாட்டுத் தட்டைக்கூட வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். வேன் போன வழி முழுக்கப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். வேலையைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

சோதனை அறையின் சுவரெல்லாம் அலையை உறிஞ்சும் பஞ்சு, கூம்பு கூம்பாக. நடுவில் சுழலும் மேஜை, எதிரே ஆண்டெனா. வெளியே திரையில் ஒரு சிவப்புக்கோடு. பெட்டியிலிருந்து கசியும் அலையின் இரைச்சல் அதைத் தாண்டக் கூடாது. சோதிப்பவர் சிரிக்கவே மாட்டார் என்பதால் அவருக்கும் சிவப்புக்கோடு என்றுதான் பெயர் வைத்திருந்தோம். இரைச்சலைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்துபோய், போன தடவை எகிறிய அதே இடத்தில் எகிறியது.

இந்த இரண்டு மாதத்தில் நான் செய்யாதது இல்லை. வடிகட்டியை மாற்றினேன். வயருக்கெல்லாம் வளையல் அடுக்குவதுபோல, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன். எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை அந்தச் சனியன்.

எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. சிவப்புக்கோடு பரிதாபப்பட்டாரோ என்னவோ, எங்கே கசிகிறது என்று காட்டும், நுனியில் வளையம் வைத்த குச்சி ஒன்றைப் பெட்டியைச் சுற்றி நகர்த்தினார். மூடி சேரும் விளிம்பில் இரைச்சல் துள்ளியது. அங்கே கசிய வழியே இல்லை, தகடும் தகடும் நேராகத் தொட வேண்டும் என்று விளிம்பில் பெயிண்ட் அடிக்காதபடி வரைபடத்திலேயே குறித்திருக்கிறேன் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றினேன்.

விளிம்பு வழவழவென்று வெண்ணெய் நிறப் பெயிண்டில் மின்னியது. ஆயிரம் தடவை அதற்குள் கைவிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை.

"அதுவா? பசங்க அங்க பெயிண்டே அடிக்காம விட்டிருந்தாங்க," என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. "நீ ஏதோ தப்பாக் குறிச்சிட்டேன்னு நெனச்சேன். உனக்குத்தானே கெட்ட பேரு? நானே பிரஷ்ல அடிச்சு விட்டேன். மூணு பெட்டிக்கும்."

மூன்று பெட்டிக்கும்! கோபத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். பாராட்டை எதிர்பார்த்து நிற்கிறார் மனுஷன். திட்ட வாய் வரவில்லை. அங்கே பெயிண்ட் இருந்தால் மூடி தொட்டும் தொடாத கணக்குத்தான், அந்த இடுக்கு வழியாகத்தான் எல்லாம் கசிகிறது என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

நான் உப்புத்தாளை எடுத்ததும் கையை நீட்டினார்.

"குடு. நீ தேய்ச்சா பக்கத்துல கீறல் விழும்."

சுற்றிலும் நாடா ஒட்டி மறைத்துவிட்டு, தான் பூசியதைத் தானே தேய்த்தார். முதல் இழுப்பில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வெறும் தகடு பளிச்சென்று தெரிந்தது.

மூடியை முடுக்கினோம். கோடு மறுபடி ஊர்ந்தது. அந்த இடம் வந்தபோது அவர் கையை நான் பிடித்தேனா, என் கையை அவர் பிடித்தாரா, தெரியாது. கோடு தலையைத் தூக்கவே இல்லை. சிவப்புக்கு வெகு கீழே, நல்ல பிள்ளையாக அடுத்த முனைக்குப் போய்ச் சேர்ந்தது.

"பாஸ்," என்றார் சிவப்புக்கோடு. சிரித்த மாதிரிகூட இருந்தது.

திரும்பும்போது வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"வேற எங்கெல்லாம் அடிக்கக் கூடாது? ஏன்னும் சேர்த்துச் சொல்லு."

கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. வரைபடத்தை எடுத்து அவர் மடியிலிருந்த பெட்டியின் மேல் விரித்தேன். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.