ஆணி அடிக்க யாரைக் கேட்பது

வீடு வாங்கப் போகிற பெண்ணிடம் கண்டியில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மிஸ்டர் வரல்லையா?" மிஸ்டர் இல்லை என்றால், "அப்ப வீடு எதுக்கு?"

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மூச்சைப் பிடியுங்க, அசையாதீங்க என்று நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை காய்ந்து, கால் கடுத்து வெளியே வந்தால், புரோக்கர் காளிமுத்து மோட்டார் சைக்கிளோடு கேட் பக்கத்தில் நிற்பார். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. இன்னொரு வீட்டுக்குப் பாதையே கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் மனது வைத்தால்தான் நடக்கலாம். வேறொரு வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தனியாக இருக்கிற பெண்ணுக்குக் கொடுத்தால் ஒழுங்கையில் அக்கம்பக்கத்தார் பேசுவார்கள் என்றார். விற்றுவிட்டுப் போகிற மனுஷனுக்கு ஒழுங்கையைப் பற்றி என்ன கவலை என்று கேட்க வாயெடுத்தேன். காளிமுத்து கண்ணைக் காட்டினார்.

"கல்யாணத்த முடிச்சிட்டு ரெண்டு பேருமா பாத்தா லேசுங்க மிஸ்," என்றார் திரும்பி வரும்போது.

"நீங்க கல்யாண புரோக்கர் இல்லதானே அண்ணே. வீட்டப் பாருங்க."

வீடு எதற்கு என்று எனக்குத் தெரியும். கண்டியில் நான் வாடகைக்கு இருந்த அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு ஆன்ட்டி இருந்தார். லைட்டை அணைக்கச் சொல்வார், மீன் பொரிக்காதே என்பார், தன் தங்கை மகன் வருகிறான் என்று திடீரென்று அறையைக் காலி செய்யச் சொல்வார். அது என் பாடு. அப்பா கறுப்பையாவின் பாடு வேறு. அம்மா போன பிறகு அவர் கலஹாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தனியாக இருக்கிறார். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய அறைகள்தான் லயம். அறையைக் காம்பரா என்போம். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், வீட்டில் ஒருவராவது கொழுந்து பறிக்கவோ மலை வேலைக்கோ போகும்வரைதான் அதில் இருக்கலாம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. காம்பராவை எப்போது திருப்பித் தருவாய் என்று தோட்டத்து ஆபீசில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் திருப்பிக் கேட்க முடியாத ஒரு வீடு வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கடைசியில் அம்பிட்டியவில் ஒன்று கிடைத்தது. ஏற்றத்தில் சின்ன வீடு, இரண்டு அறை, பின்னால் ஒரு துண்டு முற்றம். சொந்தக்காரி கைரியா, கணவரை இழந்தவர், கட்டுகஸ்தோட்டையில் மகளோடு போய் இருக்கப் போகிறார். சமையலறைக்குள் போனதுமே எனக்கு வீடு பிடித்துவிட்டது. அங்கேயே தரையில் படுத்துத் தூங்கலாம் போல இருந்தது, அவ்வளவு களைப்பு.

"மகள், ஒங்களுக்கு வீடு புடிச்சீக்கு, வெளங்குது," என்றார் கைரியா. "ஆனா பெரிய ஆள் ஒத்தர் வந்து பாக்கோணும். நாளைக்கி ஒங்கட வாப்பா வந்து, ஏன் எண்ட புள்ளைக்கி இத வித்தீங்க எண்டு கேட்டா நான் என்னத்த செல்ற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்து என்னுடையது, பேங்க் கடன் என்னுடையது, அதைக் கட்டி முடிப்பதற்குள் நரைக்கப் போகிற தலையும் என்னுடையது. அப்பா வந்து எதைப் பார்க்க வேண்டும்? ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டும். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கலஹா பஸ்ஸில் வந்தார். கோயில் திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டு. கைரியா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினவர் உள்ளே வரவில்லை. கதிரை கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்தார். சமையலறையை ஒட்டிய நடுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு குடும்பம்?"

"நம்ம குசினிதான் அப்பா. வேற யாரும் இல்ல."

அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. லயத்தில் எந்தச் சுவருக்கும் அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கும். இருமினால் கேட்கும், தாளிப்பது மணக்கும். அப்பா அடுத்ததாக கைரியாவிடம் திரும்பி, "சாமி படத்துக்கு ஒரு ஆணி அடிச்சா ஏதும் சொல்லுவீங்களாம்மா?" என்றார். கைரியா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வாப்பாக்கு வீடு புடிச்சதா?" என்று கைரியா கேட்டார்.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். "அம்மா பாத்துக் குடுத்தா இருந்துக்குவோம். திருப்பிக் கேக்குற நாளு விட்டுருவோம்."

கல்யாணமான புதிதில் காம்பரா கேட்டுத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் நின்றபோது அப்பா சொன்ன வார்த்தை அது. கோழிக்கூடு வைக்க, கூரைத் தகரம் மாற்ற, வாசலில் இரண்டு அடி கூடுதலாக மறைப்புக் கட்ட, எதற்குப் போனாலும் அப்பா துண்டை மடித்துக்கொண்டு இதைத்தான் சொல்வார். எனக்குத் தெரியும். கைரியாவுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காளிமுத்து வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அந்தம்மா வேற ஆளப் பாக்கப் போறாங்களாம் மிஸ். நீங்க வாடகைக்கித்தான் சுத்தி வளைக்கிறீங்கன்னு நெனைக்கிறாங்க. அப்பா வேற, கேட்டா விட்டுருவோம்னாராமே. இப்புடிப் பேசுனா யாருங்க விப்பாங்க?"

அன்று இரவு வேலை முடிந்து காலையில் அறைக்குப் போகவில்லை, நேரே அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினேன். ஏற்றத்தில் நின்று நின்று நடந்தேன். கைரியா கதவைத் திறந்ததும், பஸ்ஸில் அழகாக யோசித்து வைத்த பேச்செல்லாம் மறந்துபோனது.

"ஆன்ட்டி, எங்க அப்பாவுக்கு வீட்ட அப்படித்தான் கேக்கத் தெரியும். அவரு பொறந்ததுலேருந்து இருந்தது எல்லாமே தோட்டத்து வீடு. யாரும் அவருக்கு வீடு வித்ததில்ல. அவரு விலை பேச வரல்ல. உங்களுக்கு மரியாதை குடுத்தாரு."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தூக்கமில்லாததால்தான் என்று சொல்லிக்கொண்டேன். கைரியா உள்ளே போய் பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்தார்.

"இத மொதல்லயே செல்லீக்கலாமே மகள்," என்றார். "குடிங்க. வெள்ளிக்கிழமை உறுதி எழுத நொத்தாரிசுகிட்ட போவம்."

நொத்தாரிசும் கேட்டார், மிஸ்டர் வரவில்லையா என்று. உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருந்ததால் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேரை முழுசாக எழுதினேன். கறுப்பையா பரிமளம்.

சாவி கொடுக்கும்போது கைரியா, "சுவத்துல ஈக்கிற ஆணி ஒண்ணும் கழட்டல்ல. வாப்பாக்கு தேவப்படும்," என்றார்.

பால் காய்ச்ச அப்பா மட்டும் வந்தார். லயத்துக் காம்பராவை ஒப்படைத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியும் சாமி படமும் அம்மாவின் படமுமாக வந்து இறங்கினார். பால் பொங்கி வழிந்தது. எனக்குப் பெருமைப்படக்கூடத் தெம்பில்லை. நடுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா சாமி படத்தைக் கைரியா விட்டுப்போன ஓர் ஆணியில் மாட்டினார். அம்மாவின் படத்துக்கு எந்த ஆணியும் சரிவரவில்லை. வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டுமாம். சுத்தியலும் ஆணியுமாகச் சுவரின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"பாப்பா, அந்தம்மாவுக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுருவமா?"

"அவங்க வித்துட்டாங்க அப்பா. இனி அவங்களக் கேக்க வேண்டியதில்ல."

"அப்ப யாரக் கேக்கணும்?"

"என்னத்தான் கேக்கணும்," என்றேன் கண்ணை மூடிக்கொண்டு. விளையாட்டாகத்தான் சொன்னேன்.

சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"அம்மா படத்துக்கு ஒரே ஒரு ஆணி பாப்பா. செவுத்துக்கு வலிக்காம அடிக்கிறேன். நீ கேக்குற நாளு விட்டுருவேன்."

யாரும் திருப்பிக் கேட்க முடியாத வீட்டைத்தான் வாங்கினேன். அப்பாவுக்கு, கேட்கக்கூடிய ஒரு ஆள் இன்னும் இருக்கிறாள். அது நான்தான். அப்படிச் சொல்லாதீங்க என்று கத்தினால் அது ஓர் உத்தரவு. அடிங்க என்று சொன்னால் அதுவும் உத்தரவாகிவிடும். என்ன சொன்னாலும் நான் துரைதான்.

அப்பா பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எழுந்து அவர் கையிலிருந்த துண்டை வாங்கி, திரும்ப அவர் தோளிலேயே போட்டேன். அப்பாவுக்கு அது விளங்கவில்லை.

"அடிக்கட்டுமா பாப்பா?" என்று மறுபடியும் கேட்டார்.

"அடிங்க," என்றேன்.