முந்நூற்று நாலுக்கு இந்தப் புத்தகம் கிடையாது

...கிடக்கட்டும், இன்னும் ஒரு வாரம் கிடந்து தவிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே கோமளம் பக்கத்தைத் திருப்பினாள், இருபத்தெட்டுப் பக்கம்தான் பாக்கி, ஐரோப்பாவின் வடகோடி தேசத்துக் கடவுள்கள் எல்லாரும் கடைசிச் சண்டைக்கு வந்துவிட்டார்கள், ஓநாய் வாயைத் திறந்தால் கீழ்த்தாடை மண்ணில் இடிக்கிறது, மேல்தாடை வானத்தில்... பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்காக எழுதின கதை, ஐந்து பாகம், ரெவின்யூ ஆபீஸில் முப்பத்துநாலு வருஷம் ஃபைல் பார்த்து ரிடையரான ஒருத்தி தட்டில் சோறு ஆறுவது தெரியாமல் படிக்கிறாள், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இந்தக் கடைசிப் பாகத்தை எடுத்து வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது, லெண்டிங் லைப்ரரியில் கெடு பதினைந்து நாள்தான், மனசு வைத்திருந்தால் மூன்றாம் நாளே முடித்திருப்பாள், நாளுக்குப் பத்திருபது பக்கம் என்று கல்கண்டை நாக்கில் அடக்கிக்கொள்கிற மாதிரி படித்தாள். ருசிக்காக மட்டுமா... இல்லை, ஒப்புக்கொண்டால் என்ன. லைப்ரரிக்கார நாகேஷ் நோட்டில் இந்தப் புத்தகத்துக்குக் காத்திருக்கிறவர்கள் வரிசை எழுதினபோது எட்டிப் பார்த்துவிட்டாள், இவளுக்கு அடுத்த பெயர் ஷில்பா, முந்நூற்று நாலு, இதே அபார்ட்மெண்ட்தான், அசோசியேஷன் செகரட்டரி.

அந்த ஷில்பாதான். கோமளம் அண்ணன் பெண் கல்யாணத்துக்கு மைசூர் போன நாலு நாளில், வராந்தாவில் எந்தச் சாமானும் கூடாது என்று ரூல் போட்டு, செருப்பு ஸ்டாண்டைத் தூக்கிக் குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னவள். ஸ்டாண்டு போனால் போகிறது, பிளாஸ்டிக். அதில் புருஷன் சேஷகிரியின் கருப்பு ஷூ இருந்தது. அவர் செத்து மூன்று வருஷமாகியும் வாரத்துக்கு ஒரு தடவை பாலிஷ் போட்டு, இப்போதுதான் கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி கதவைப் பார்க்க வைப்பாள், பாசம் கீசம் ஒன்றுமில்லை, பார்சல் கொண்டுவருகிறவனும் சிலிண்டர் போடுகிறவனும் உள்ளே ஒரு ஆம்பிளை இருக்கிறான் என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான். தனியாக இருக்கிறவளுக்கு அது ஒரு பூட்டு, கதவில் இருக்கிற பூட்டைவிடப் பெரிய பூட்டு. கேட்கப் போனால், "ஆன்ட்டி, ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே, அதுவும் பழைய ஷூ, யாரும் போட்டுக்கறதில்லையே" என்றாள். யாரும் போட்டுக்கொள்வதில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும், நோட்டம் விட்டிருக்கிறாள், தெரிந்தேதான் எடுத்திருக்கிறாள்... எட்டு மாசமாக சங்கிலி போட்டுத்தான் கதவைத் திறக்கிறாள் கோமளம், அந்த ஷில்பாவோ மேட்சிங் கம்மலோடு லிஃப்டில் ஏறி இறங்குகிறாள்.

போன் அடித்தது, நாகேஷ். "மேடம், புக்கு முடிஞ்சுதா? முந்நூத்தி நாலு மேடம் தினம் வந்து கேக்கறாங்க. யாராவது முடிவச் சொல்லிடுவாங்கன்னு வாட்ஸ்அப்பே தெறக்கறதில்லையாம்."

"இன்னும் பாதிகூட ஆகலப்பா, கண்ணு சரியில்ல" என்றாள், பொய்தான், கூச்சமே இல்லாமல் வந்தது, அப்படியா சங்கதி, முடிவைச் சொன்னால் அம்மாளுக்கு அவ்வளவு வலிக்குமா... நாளைக் காலையில் லிஃப்டில் வைத்து ஒரே வாக்கியம், குட்மார்னிங் சொல்கிற மாதிரி, அந்த ஓநாயைக் கொல்வது இன்னார். அந்த இன்னார் யார் என்றுதான் இன்னும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமாகப் படித்தாள், ஐந்து பாகமாக மூலையில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்த கடவுள் முன்னால் வருகிறான், வலது காலில் மலைமாதிரி ஒரு ஷூ, அதை ஓநாயின் கீழ்த்தாடையில் வைத்து மிதித்து, மேல்தாடையைக் கையால் பிடித்து... கோமளத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, மிதி, நன்றாக மிதி, அந்த ஓநாய்க்கு மேட்சிங் கம்மல்கூடப் போட்டுப் பார்த்தாள், இவ்வளவு சந்தோஷமாக எதையும் படித்து எத்தனை வருஷம் ஆயிற்று. ஒரு ஷூ, அட, கடைசியில் உலகத்தைக் காப்பாற்றுவது ஒரு ஷூ.

அந்த ஷூ ஏது என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. உலகம் உண்டான நாளிலிருந்து மனுஷர்கள் தங்கள் ஷூக்களிலிருந்து நறுக்கி, வேண்டாம் என்று எறிந்த தோலையெல்லாம் சேர்த்துத் தைத்ததாம், எறிந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மிதியில் பங்கு உண்டாம். நல்லது, என்று முதலில் தலையாட்டினாள், பிறகு அந்த வரிக்கே திரும்பி வந்தாள். எறிந்தவர்களுக்கு. எறிந்தவர்களுக்கு என்றால்... சேஷகிரியின் ஷூவை எறிந்தது யார்? இந்தக் கணக்கில் பங்கு அவளுக்கா, லிஃப்டில் வைத்து இதையா அவளுக்குச் சொல்வது, சொன்னால் அவள் கம்மல் ஆடச் சிரிப்பாளே. மூன்று வருஷம் பாலிஷ் போட்டுக் கதவைக் காத்தவளுக்கு என்ன உண்டு, எறியாமல் வைத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றியும் ஏதாவது எழுதியிருப்பான், எழுதாமல் இருப்பானா என்று விரலை வைத்து மேலிருந்து வரிவரியாகத் தேடினாள், கீழ்வரை வந்துவிட்டாள், இல்லை, ஒரு வரிகூட இல்லை.