ஹேர் டிரையர் ஓடும் வரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஜன்னல் வழியாக வந்தது. எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தையல்கார அக்காவும் அவள் தங்கையும் குடியிருக்கிறார்கள். ஹால்தான் கடை. நேற்று மாலை நல்ல மழை. அந்த ஹாலின் கூரையில் முட்டிக்கொண்டு ஒரு பெரிய காகித பலூன் நின்றது. கீழே தங்கை ஹேர் டிரையரைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அக்கா பலூனின் வாயை விரித்துப் பிடித்திருந்தாள். இருவரும் ஏதோ பேசினார்கள். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வம்பு பேசித் தீர்த்திருப்பேன், கேட்காததால் எழுதுகிறேன்.

2

தொடக்கம்: "மெல்லிய தாளை எட்டு நீள இதழ்களாக வெட்டிக்கொள்ளவும்." இது செய்முறைக் குறிப்பு. வேண்டாம்.

இன்னொன்று: "வானத்தில் பறக்க ஆசைப்பட்ட ஒருத்தி"

ஐயோ, வேண்டவே வேண்டாம். அந்த அக்காவின் ஆசையெல்லாம் சாயங்காலம் முதுகு வலிக்காமல் இருப்பதுதான்.

2 (மறுபடியும்)

விடிந்தால் தங்கை வேறு ஊருக்குப் போகிறாள். அங்கே ஓர் அழகு நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அக்காவும் அவளும் ஒரு வாரமாகப் பேசுவதில்லை.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

சண்டை மட்டும் என் கற்பனை இல்லை. அப்போது என் மனைவி அங்கே அளவு கொடுத்துக்கொண்டு நின்றாள். தங்கை வேலை கிடைத்த சேதியைச் சொன்னதும், அக்கா டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாளாம்: "போனா போ. இன்னொரு மெஷின் போட இடமாச்சு."

வாடிக்கையாளர் முன்னால் சொன்னாள். வாயை விட்டுப் போன மறுகணமே அவளுக்கு நெஞ்சு சுருக்கென்றது. (இது என் மனைவி பார்த்ததல்ல, நான் சேர்த்தது.) ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைப்பதும், கதவைப் படாரென்று சாத்துவதும்தான் அந்த வீட்டில் பேச்சு.

4

[மேல்வீட்டுக் குழந்தைக்காகப் பலூன் செய்தாள் என்று எழுதியிருந்தேன். அந்த ஹாலில் நான் எந்தக் குழந்தையையும் பார்க்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.]

5

அப்படியானால் ஒரு தையல்காரி எதற்குப் பலூன் செய்கிறாள்? இந்த இடத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணம் தெரியாமலே அவளை வேலை செய்ய விட்டேன்.

தைத்த துணிகளை மடித்துக் கொடுக்க வைத்திருக்கும் மெல்லிய தாள் அவளிடம் கட்டுக்கட்டாக உண்டு. குடைபோல விரியும் அம்பர்லா கட் பாவாடைக்கு வெட்டுவதுபோல எட்டு இதழ் வெட்டினாள். அதுவரை சரி. பசை போட்டு ஒட்டவேண்டியதை, கை போன போக்கில் மெஷினில் கொடுத்துத் தைத்துவிட்டாள்.*

இனி சூடான காற்று வேண்டும். துணிக் குவியலுக்கு நடுவே மெழுகுவத்தி ஏற்ற அவளுக்குப் பைத்தியமா என்ன? வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஹேர் டிரையர். அது தங்கையுடையது. ஊருக்குக் கட்டிய பெட்டிக்குள் போய்விட்டது.

தங்கையின் அறை வாசலில் அக்கா போய் நின்றாள்.

"உன் டிரையர் கொஞ்சம் வேணும்."

"பெட்டியில அடியில கெடக்கு. எதுக்கு?"

"பலூனுக்கு."

"எதுக்கு?"

"பலூனுக்குடி! காது அடைச்சுக்கிச்சா?"

தங்கை முறைத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, மடித்து அடுக்கிய துணியெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்துப் போட்டாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அக்காவுக்கு வேண்டியிருந்தது பலூன் இல்லை. அந்தப் பெட்டி ஒரு தடவை திறக்கவேண்டும், அவ்வளவுதான்.

என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "மனசுல இருக்கறத நேரா சொல்லிட்டுப் போறதுதானே? இதுக்குப் போய் ஒரு பலூனா?" என்றாள்.

* தாளில் ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. இந்த ஓட்டைகளை மறந்துவிடாதீர்கள்.

6

"பேப்பரை யாராவது மெஷின்ல தைப்பாங்களா? லூசு."

"எனக்கு வேற என்ன தெரியும்?"

"ஃபேனை நிறுத்துக்கா. வாயை நல்லா விரிச்சுப் பிடி."

பலூன் புரண்டது, உப்பியது, எழுந்து கூரையை முட்டியது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். தங்கை டிரையரை நிறுத்தினாள். தையல் ஓட்டை வழியே காற்று இறங்க, அது தொய்ந்து அவர்கள் தலைமேலேயே விழுந்தது. தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி போட்டாள், மறுபடி எழுந்தது.

"ஆஃப் பண்ணாதடி."

"எவ்வளவு நேரம் இப்படியே நிக்கிறது?"

அக்கா பலூனின் வாயை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தாள். தங்கை மேலே பார்த்தபடியே கேட்டாள்:

"ஏன்க்கா, இங்கதானே இன்னொரு மெஷின் போடப்போறே?"

7

அக்காவின் பதில்:

(அ) அழுதுகொண்டே, "என்னை மன்னிச்சிடுடி." அந்த வாய்க்கு இது வராது.

(ஆ) "போயிட்டு வந்து சேரு. மெஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம்." இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

(இ)

உண்மையில் அக்கா ஏதோ சொன்னாள். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில் என் மனைவி, "அடுத்த வீட்டையே வெறிச்சுப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?" என்று திரையை இழுத்து மூடிவிட்டாள்.

டிரையர் நின்றால் பலூன் விழும். விழுந்தால் டிரையரைப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். பிறகு பெட்டியை மூடவேண்டும். அதை எழுத எனக்கு மனமில்லை. (இ) காலியாக இருக்கிறது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். தங்கைக்குக் கை வலிக்க ஆரம்பித்திருக்கும்.