‘என்ன’ என்று கேட்கக் கூடாத வீடு

"நாயும் வீட்டோட சேர்த்தியா?" என்று றுக்கியா கேட்டாள்.

நெய்னார் புதுவீட்டுத் திறப்புக் கோர்வையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தென்னைகளை அண்ணாந்து பார்த்தார். பதில் கைவசம் இல்லாத கேள்விக்கெல்லாம் புருசன் மேலேதான் பார்ப்பார் என்பது கல்யாணம் முடித்த நாள் முதல் அவளுக்குத் தெரியும்.

"வீட்ட வித்துப்போட்டு டொறத்தி நோனா மகள்ட வீட்டுக்குப் போறா. நீர்கொழும்புல மேல்மாடி வீடாம். நாய் வச்சிக்க ஏலாதாம். ரெண்டு கிழமையில வந்து ஒரு ஏற்பாடு செய்யிறன் எண்டு சொன்னா."

"ரெண்டு கிழமை எண்டு சொல்லிப் போன ஆரு திரும்பி வந்திரிக்காங்க? நாமளே திரும்பிப் போனமா?"

நெய்னார் இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தார்.

அவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு மன்னாரிலிருந்து வந்தவர்கள். சண்டைக்குள்ளே ஊரை விட்டுப் போகச் சொன்ன தொண்ணூறாம் ஆண்டு, கையில் ஒரு பையோடு லொறியில் ஏறி, ரெண்டு கிழமையில், பதினாலே நாளில், திரும்பிவிடலாம் என்று. புத்தளத்தில் அகதி முகாம், பிறகு முகாமே ஊராகிப்போன ஒரு குடியிருப்பு. சண்டை முடிந்ததும் நெய்னார் மன்னாருக்குப் போய்ப் பார்த்தார். வளவில் காடு, கிணற்றில் மண். நாலைந்து தரம் போய் வந்தவர், கடைசியில், "இனி இந்தப் பக்கமே ஒரு காணியப் பார்ப்பம்" என்றார். அப்படி வந்ததுதான் மாம்புரியில் இந்தப் பழைய ஓட்டுவீடும் தென்னங்காணியும். மிளகாய்ப் பாத்தி, வெங்காயப் பாத்தி, வாளி போட்டு அள்ளும் கிணறு. முன்னறைச் சுவரில் நோனா மாட்டியிருந்த மாதா படத்தின் சதுர அடையாளம் அப்படியே இருந்தது. றுக்கியா அதே ஆணியில் கஃபத்துல்லா படத்தை மாட்டினாள். படம் சின்னது, அடையாளம் பெரிது. நாலு பக்கமும் வெள்ளையாய் ஒரு கரை தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாயை மட்டும் அப்படி விட முடியவில்லை. அழுக்கு வெள்ளை நிறம், ஒரு காது மடிந்தது. நாள் முழுக்கப் படலைக்குக் கீழே மூக்கை நீட்டி, நோனா போன றோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"அதுக்குப் பேரு சுத்தா. வெள்ளையன் எண்டு அர்த்தமாம், சிங்களத்துல," என்றார் நெய்னார்.

"வாய் பட்டா ஏழு தரம் கழுவோணும். அதுக்குப் பேரு சுத்தாவா!"

படலையிலேயே கிடந்திருந்தால் பாதகமில்லை. குரைக்கும்போது, "என்ன?" என்று குசினியிலிருந்து ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான், வாலை ஆட்டிக்கொண்டு விறாந்தைப் படிக்கு ஓடி வந்துவிடும். "என்ன இது! என்ன இது!" என்று விளக்குமாற்றை ஓங்கினால் இன்னும் ஒரு படி ஏறும். விளக்குமாற்றுக்குக் கீழேயே படுத்து வயிற்றைக் காட்டும். "என்ன சனியன் இது, ஏச ஏசக் கிட்ட வருது!" என்று அவள் கத்துவாள். அது சந்தோசத்தில் ஒரு தரம் உருண்டு எழும்பும்.

மகள் றிஷ்னா கற்பிட்டியில், புருசன் வீட்டில், மாமியோடு இருந்தாள். தலைப்பிள்ளை, ஏழாம் மாதம் முடியப்போகிறது. பேறு ஆஸ்பத்திரியில் நடந்தாலும் நாற்பது நாளும் உம்மா வீட்டில்தான் இருக்க வேண்டும். றிஷ்னாவைப் பெற்ற நாற்பதையும் றுக்கியா முகாமில் கழித்தவள். கிடுகு மறைப்பு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு சாரி, அந்தப் பக்கம் அடுத்த குடும்பத்தின் இருமல். பிள்ளை அழுதால் முகாமே எழும்பும். மகளின் பிள்ளை நாலு சுவருக்குள்ளே வாய் நிறைய அழ வேண்டும். இந்த வீட்டைப் பார்த்தவுடன் அவள் ஓம் என்று சொன்னதே அதற்காகத்தான்.

ஒரு நாள் காலை றிஷ்னா போன் பண்ணினாள்.

"உம்மா, நீங்க நாயை வீட்டுக்குள்ள கூப்பிட்டுக் கொஞ்சுறீங்களாமே?"

"ஆரு சொன்னது?"

"மீன்காரன் மாமிக்கிட்டச் சொல்லியிரிக்கான். நாய் இரிக்கிற வீட்டுக்குள்ள வானத்து மலக்குமார் இறங்கமாட்டாங்க, பச்சப்புள்ளயோட எப்பிடி அனுப்புற எண்டு மாமி கேக்குறா. வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாவாம்."

"அல்லாஹ்வே! நான் கூப்பிடுறனா? நான் துரத்துறன் புள்ள, துரத்துறன்!"

"எனக்கு இங்க நாப்பது இரிக்க ஏலாது உம்மா," என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது.

றுக்கியா போனை வைத்துவிட்டு நேரே வேலிக்குப் போனாள். அந்த மீன்காரன் நின்று கதைப்பது பக்கத்து வளவு அனஸ்தாசியாவோடு மட்டும்தான்.

"அனஸ்தாசியா! நான் நாயைக் கூப்பிடுறன் எண்டு ஆருக்கும் சொன்னீங்களா?"

"ஓம் அக்கா, சொன்ன," என்றாள் அனஸ்தாசியா, கொஞ்சமும் கூசாமல். "முஸ்லிம் ஆக்கள் நாயை அண்ட விடமாட்டாங்க எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. இந்த அக்காட மனசப் பாருங்க, விடிஞ்சா பொழுதுபட்டா கூப்பிட்ட வண்ணம்தான் எண்டு நல்லதாத்தானே சொன்ன."

"எப்ப கூப்பிட்ட நான்? எந்த வாயால கூப்பிட்ட?"

"என்ன, என்ன, எண்டு கூப்பிடுறது எனக்குக் கேக்குதானே."

"அது கேள்வியல்லோ! என்ன எண்டு கேக்குறன்!"

அனஸ்தாசியா ஒரு கணம் பார்த்தாள். பிறகு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ அக்கா, சிங்களத்துல 'என்ன' எண்டா 'வாங்க'! டொறத்தி நோனா மரியாதையான மனுசி, நாய்க்கும் வாங்க எண்டுதான் சொல்லுவா. பாருங்க." அவள் இந்தப் பக்கம் திரும்பி, "சுத்தா, என்ன!" என்றாள். படலையடியில் கிடந்தது பாய்ந்து வந்தது. வேலியில் காலை வைக்கப் பார்த்ததும், "எப்பா!" என்றாள். உடனே பின்னங்காலில் குந்தியது. "எப்பா எண்டா வேணாம். அதுக்கு ரெண்டு சொல்லும் தண்ணிபட்ட பாடு."

றுக்கியா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். புத்தளம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸிமார், "அம்மா, என்ன" என்று கூப்பிடும்போது எத்தனை தரம் எழும்பிப் போயிருக்கிறாள்! அந்த ‘என்ன’ நாய்க்கும் சேரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்தியில் நெய்னார் நல்ல செய்தியோடு வந்தார். "எத்தாளை வெங்காய யாவாரி ஹாசிமோட கதைச்சிட்டன். வியாழக்கிழமை வெங்காயம் ஏத்த லொறி வரும். அதுல நாயைக் கொண்டுபோய் கடற்கரை மீன்வாடியில விடுவான். உன்ட சம்மந்தி வரக்குள்ள வளவு துப்புரவு."

றுக்கியா தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

"லொறி வேணாம்."

"வேணாமா? நீதானே ஒரு மாசமா என்ட உயிர எடுத்த!"

"அது எனக்குச் சண்டித்தனம் காட்ட வரல்ல. கூப்பிட்டன், வந்திச்சி. அதுட ஆளு ரெண்டு கிழமையில வாறன் எண்டு போட்டுப் போயிட்டா. அவவப் பாத்துக்கொண்டு கிடந்த சீவன், ஒரு பொம்புள குரல் வாங்க வாங்க எண்டதும் ஓடி வந்திரிக்கு. விளக்குமாத்த ஓங்க ஓங்க வந்திச்சே! நானே வரச்சொல்லிப்போட்டு நானே லொறியில ஏத்துறதா? லொறியில ஏறி வந்தவ நான்."

"அப்ப றிஷ்னா?"

இந்தத் தடவை அண்ணாந்து பார்த்தது றுக்கியா.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தச் சொல்லச் சொல்லமாட்டன். கூப்பிடாட்டி அது படலையிலதான் கிடக்கும். சம்மந்தி வருவா, வீட்டப் பாப்பா, போவா."

சொல்வது எளிது. தமிழில் வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான் என்பது அதை விட்டவர்களுக்குத்தான் தெரியும். "எது?" "எதப்பத்தி?" "சொல்லுங்க, கேக்குறன்" என்று அவள் சுற்றி வளைத்தாள். வாய்தவறி, "என்—" என்று தொடங்கி இருமலாக மாற்றினாள். நெய்னாருக்கு இது நல்ல விளையாட்டாகிப் போனது. "றுக்கியா, அந்தா பாரு!" என்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "எதை?" என்பாள்.

நாய்க்கு விளையாட்டாக இல்லை. குரல் நின்றதும் அது மறுபடி படலைக்குக் கீழே மூக்கை நீட்டிக்கொண்டது. வைத்த சோறு எறும்புக்குப் போனது. கழுதைகள் வந்து மிளகாய்ப் பாத்தியை மேய்ந்தன. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. றுக்கியா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சம்பந்தி உம்மு குல்சூம் த்ரீவீலில் வந்து இறங்கினாள். கற்பிட்டியில் மூன்று தலைமுறையாகக் காணி பூமியோடு இருக்கும் குடும்பம். கலியாணப் பேச்சின்போது, "அகதிக் குடும்பமெண்டாலும் அடக்கமான சனம்" என்று சொன்னவள். அந்த ‘எண்டாலும்’ றுக்கியாவின் காதில் இன்னும் இருந்தது. செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு, கொண்டுவந்த இனிப்புத் தொதலைக் கொடுத்தாள். அறை அறையாய்ப் பார்த்தாள்.

"சுவர்ல இது?"

"முந்தி இருந்தவங்கட படம் இருந்த இடம், மதினி. எங்கட படம் சின்னன்."

"ம். புள்ளத்தாச்சிக்கு எந்த அறை?"

"கிழக்கு அறை. காத்து வரும், வெயில் வராது."

"நல்லம்." உம்மு குல்சூம் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தாள். "நாய் எங்க?"

"அந்தா, படலையில. வீட்டுக்குள்ள வராது மதினி."

"வராதா? நீங்க கூப்பிடுறதா எல்லோ ஊர்க்கதை?"

றுக்கியா ஓரக்கண்ணால் படலையைப் பார்த்தாள். "நான் கூப்பிடல்ல. கூப்பிடாமலேதான் கூப்பிட்டுப்போட்டன்."

"என்ன?" என்றாள் உம்மு குல்சூம்.

படலையடியில் ஒரு காது நிமிர்ந்தது.

"மதினி, அந்தச் சொல்ல மட்டும்—"

"என்ன சொல்றீங்க? என்ன கதை இது? என்ன—"

இத்தனை நாளும் யாரும் கூப்பிடாத நாய், இத்தனை தரம் ஒரேயடியாகக் கூப்பிட்டால் நடந்தா வரும்? வெங்காயப் பாத்திக்கு மேலால் பறந்து வந்தது. படியில் சறுக்கி நின்றது. கதிரையில் புது நோனாவைக் கண்டதும் அதற்குப் பழைய பழக்கம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். படியில் கிடந்த செருப்பில் ஒன்றைக் கவ்வி, மேல்படியில் பக்குவமாய் வைத்துவிட்டுக் கீழே இறங்கிக் குந்தியது. விறாந்தையில் ஒரு கால் வைக்கவில்லை.

"அல்லாஹ்வே! என்ட செருப்பு!" உம்மு குல்சூம் கதிரைக்கு மேலேயே காலைத் தூக்கிக்கொண்டாள். "என்ன இது, என்ன இது!"

"சொல்லாதீங்க மதினி! சொல்லச் சொல்ல வரும்! அது சிங்களம் தெரிஞ்ச நாய்!"

றுக்கியா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். நோனா போனது, ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அனஸ்தாசியா, மீன்காரன், லொறி. "லொறியில ஏத்தியிரிக்கலாம். ஏத்தல்ல. அதுக்காக என்ட புள்ளய மறிச்சிடாதீங்க, மதினி."

உம்மு குல்சூம் முந்தானையால் வாயை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று றுக்கியா பயந்தாள். முந்தானையை எடுத்ததும்தான் சிரிப்பு வெடித்தது.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்க ஏச ஏச…"

"வந்திச்சி, மதினி."

"விளக்குமாத்துக்கும்?"

"அதுக்குக் கீழயே படுத்திச்சி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உம்மு குல்சூம் எழும்பினாள். "வாங்க, செருப்பக் கழுவுவம்."

கிணற்றடியில் றுக்கியா தண்ணீர் அள்ளி ஊற்றினாள், சம்பந்தி மண்ணைக் கரைத்துப் பூசினாள். நாய் தென்னையடியில் இருந்து பார்த்தது.

"எங்கட வாப்பாட தோட்டத்துலயும் ஒண்டு நிண்டது," என்றாள் உம்மு குல்சூம், எண்ணிக்கையை விடாமல். "மூணு… தோட்டக் காவலுக்கு நாய் ஆகும். அது எனக்குத் தெரியாதா? நாலு… வீட்டுக்குள்ள வச்சிக் கொஞ்சுறீங்க எண்டான், அதான் பயந்த. இது படிதாண்டாத சாதி. அஞ்சு… கழுதை வாறல்லையா இங்க?"

"நாலு நாளா வருது. நான் பேசாததால."

"பேசுங்களன், பின்ன." ஏழும் முடிந்தது. செருப்பை வெயில்பட்ட கல்லில் சாய்த்து வைத்தாள். "சரி மதினி. புள்ளய என்—" என்றவள், என்ன நாள் என்று கேட்க வந்து, நாய் எழும்புவதைக் கண்டு சட்டென்று மாற்றினாள். "எப்ப அனுப்ப?"

‘எப்பா’ என்று காதில் விழுந்ததோ, நாய் அப்படியே குந்தியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். றுக்கியாவுக்குக் கண் கலங்கியது, சிரிப்பாலா வேறெதாலா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒம்பதாம் மாசம் பிறந்த உடன," என்றாள். "இன்ஷா அல்லாஹ்."

த்ரீவீல் போனது. பழக்கதோசத்தில் நாய் படலைப் பக்கம் நடக்கத் தொடங்கியது, மூக்கு றோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. றுக்கியா விறாந்தைப் படியில் வந்து நின்றாள். இவ்வளவு நாளும் கேள்வியாகவே சொன்ன சொல்லை, முதல்தரம் கேள்வி இல்லாமல் சொன்னாள்.

"என்ன, சுத்தா."

நாய் திரும்பியது.

"என்ன?" என்றார் நெய்னார் குசினிக்குள்ளிருந்து.

நாய் நடுவளவில் நின்று அவளைப் பார்த்தது, குசினியைப் பார்த்தது.

"உங்கள ஆரு கேட்ட?" என்றாள் றுக்கியா. "அது எந்தப் பக்கம் எண்டு தெரியாம நிக்கிது பாருங்க. கொஞ்சம் வாய வச்சிக்கொண்டு இருங்க."