கடைசி மாநிலம்

சுங்கச்சாவடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க நின்றால் முழங்கால் என்று ஒன்று இருப்பது நன்றாகவே தெரிந்துவிடும். வெர்லாவுக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கோழி லாரிக்காரன் அவள் கையில் கால் டாலர் காசு ஐந்தைக் கொட்டிவிட்டுப் போனான். அதில் ஒன்றில் ஒரு ராஜா கையை நீட்டிக்கொண்டு நின்றார், பக்கத்தில் தீவுகள். ஹவாய்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

வீட்டில் அவள் கணவர் டெல்மருக்கு நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. சுரங்கம் கொடுத்த ஓய்வூதியம் அதுதான். இரண்டு வருஷம் தாண்டினாலே பெரிது என்று டாக்டர் கைவிரித்த சமயத்தில்தான் மாநிலத்துக்கு ஒன்றாகக் கால் டாலர் அடிக்க ஆரம்பித்தார்கள். டெல்மர் ஐம்பது ஓட்டை போட்ட அட்டை வரைபடம் ஒன்றை வாங்கிவந்தார். பத்து வாரத்துக்கு ஒரு புதுக் காசு வரும். "ஜார்ஜியா வரட்டும்", "டெக்சாஸைப் பாத்துட்டுப் போறேன்" என்று மரணத்திடம் வாய்தா வாங்கி வாங்கியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டார் மனிதர். இப்போது பாக்கி ஒரே ஓட்டை, ஹவாய்.

கூண்டுக்குள் சொந்தக் காசு கொண்டுவரக் கூடாது. நல்ல காசு கண்ணில் பட்டாலும் மாற்றி எடுக்க வழியில்லை, எடுத்தால் வேலை போய்விடும். டெல்மரின் தம்பி ஹார்லன் மர அறுவை மில்லிலிருந்து இந்த வழியாகத்தான் திரும்புவான். அவனுக்குச் சில்லறையாகக் கொடுத்துவிட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. முக்கால்வாசி மாநிலங்கள் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தன.

ஹவாயை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அட்டை நிறைந்துவிட்டால் அந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்? யாருக்காவது தள்ளிவிட்டால் என்ன? இப்படி நினைக்கும்போதே இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது. ராத்திரியெல்லாம் படுக்கையோரம் உறுமுகிற ஆக்சிஜன் மெஷினை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு நாள், அடித்துப் போட்டாற்போல் தூங்கலாம். சீ என்று இருந்தது. ஆனால் வந்த நினைப்பு வந்ததுதான்.

சாயங்காலம் ஹார்லன் வண்டியை நிறுத்தி இரண்டு டாலரை நீட்டினான்.

"என்ன அண்ணி, மூஞ்சி இப்படித் தொங்குது? சாவடிய மூடப்போறாங்களா?"

"மூடினா உனக்கென்ன, ஓசில போவே. இந்தா பிடி மிச்சம்."

சில்லறையைப் புரட்டிப் பார்த்தவன் கூவிவிட்டான். "அடேயப்பா, ஹவாய்! அண்ணனுக்கு இன்னிக்குக் கிறிஸ்துமஸ் போ!"

"நீயே குடுத்துடு. என்னால முடியாது."

"ஏன்? அழுதுடுவியா?"

"வண்டிய எடுடா. பின்னாடி ஹாரன் அடிக்கிறான் பாரு."

வீடு திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தாள். வாசலில் நின்று காது கொடுத்தாள். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

டெல்மர் சமையலறை மேஜையில் அட்டையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். ஹவாய் அதன் இடத்தில் கச்சிதமாக இருந்தது. கையில் பேனாக்கத்தி. புளோரிடாவுக்குக் கீழே, வெறும் கடலில் வைத்துக் கீறிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"அடுத்த வருஷம் இன்னும் ஆறு காசு வருதாம், மாநிலமா இல்லாத இடத்துக்கெல்லாம். ரேடியோல சொன்னான். தலைநகரம், போர்ட்டோ ரிக்கோ, குவாம்..." மூச்சு முட்டியது. மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "அட்டை போட்டவனுக்கு இது தெரியல பாரு, மடையன்."

"ஆறா?"

"ஆறு. நீ சாவடி வேலைய மட்டும் இப்ப விட்டுடாதே."

வெர்லா கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவர் அவள் தோளைத் தட்டினார். பாதி அதுவும் உண்மைதான்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"கத்தியக் குடுங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது. எங்கெங்க வேணும்னு சொல்லுங்க, நான் வெட்டறேன்."