மூன்றாம் பாகம் வராத வருஷம்

எங்கள் ஊர் உதவிப் பாதிரியார் ஆம்ப்ரோஸ் லஸ்கம் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறி, நாவல்கள் பெண்பிள்ளைகளின் புத்தியைக் கெடுக்கின்றன என்று தொண்டை வறள முழங்குவார். செவ்வாய்க்கிழமை என் கடையின் பின்வாசல் வழியாக வந்து, "அந்தக் கோட்டைக் கதை அடுத்த பாகம் வந்திடுச்சா, பாஸ்கோ அம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

நான் சிரிக்க மாட்டேன். முழங்கச் சொன்னது பெரிய பாதிரியார், சம்பளம் கொடுப்பவரும் அவர்தான். பாவம், மனிதர் என்ன செய்வார்? அவருக்கென்று பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, மேலே 'நோன்புகாலப் பிரசங்கங்கள்' என்று எழுதி வைத்திருந்தேன். புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, கோழி திருடியவனைப் போலச் சந்து வழியாக நழுவுவார்.

என் கடையின் முன்பக்கம் ரிப்பன், ஊசி, மூக்குப்பொடி. பின்பக்கம் வாடகைப் புத்தகங்கள். எக்ஸிடர் பட்டணத்திலிருந்து வரும் வண்டி வாரம் ஒரு மூட்டை இறக்கும். கோட்டை, கள்ளக்கதவு, கறுப்பு அங்கித் துறவி, மயங்கி விழும் பெண் இல்லாமல் அந்த நாட்களில் ஒரு புத்தகமும் வெளிவரவில்லை. வந்தாலும் யாரும் தொடவில்லை. மருத்துவரின் மனைவி மிஸஸ் பிரௌஸ் ஒரு பாகத்தை எடுத்தால் மூன்று வாரத்துக்கு விடமாட்டாள். திருப்பித் தரும்போது தாளுக்குத் தாள் மெழுகுவர்த்திக் கறை இருக்கும். கேட்டால், "அது முன்னாடியே இருந்துச்சு" என்பாள். இப்படிப்பட்டவர்களோடுதான் என் பிழைப்பு. யார் எதைப் படிக்கிறார்கள் என்று மட்டும் நான் வாய் திறந்தது கிடையாது. அதைத் திறந்தால் கடையை மூடிவிட வேண்டியதுதான்.

அந்த வாய்தான் அந்த வருஷம் எனக்குப் பெரிய பாரமாக ஆனது. ஏனென்றால், பாதிரியார் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்த அந்தக் கோட்டைக் கதையை எழுதியது அவருடைய மனைவி.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும்தான் இருக்கும். அந்தச் சீமாட்டி என் தோழி தியோடோசியா. எனக்கு டாசி. பாதிரியார் வீட்டுச் சமையலறையில், கிழிந்த துணிகளுக்கு அடியில் தாள்களை ஒளித்துவைத்து எழுதுவாள். லண்டன் பதிப்பாளரின் பொட்டலங்கள் என் பெயருக்கு வரும். இத்தாலியில் நடக்கும் கதை அது. டாசி எக்ஸிடரைத் தாண்டிப் போனதில்லை. அவள் எழுதிய மலைகள் எல்லாம் எங்கள் ஊருக்கு வடக்கே தெரியும் மேடுகள்தான். கோட்டைச் சுவரில் ஊறும் ஈரம் அவள் வீட்டுச் சுவரின் ஈரம்.

"உன் கதையில வர்ற கோமகளுக்கு நாப்பது வேலைக்காரங்க. கொழந்தைக்குக் குல்லாய் பின்னுறப்போ வெள்ளை நூல் தீந்துபோச்சாம், புருஷனோட பழைய சாம்பல் நெறக் கம்பளிக் காலுறையப் பிரிச்சுக் கடைசி வரிசையப் பின்னினாளாம்! எந்தக் கோட்டையிலடி இப்படி நடக்கும்?" என்று நான் ஒருமுறை கிண்டல் செய்தேன்.

டாசி சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல நடந்துச்சுக்கா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன், அவர்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால், ஒரு பெண் குழந்தை பிறந்து நான்கு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. பெயர் பெத்தியா. குல்லாய் குழந்தையோடு மண்ணுக்குள் போய்விட்டது என்றாள் டாசி. நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பதிப்பாளர் அவசரக்காரர். முதல் இரண்டு பாகங்களை வெளியிட்டுவிட்டு, மூன்றாம் பாகம் வசந்தத்தில் வரும் என்று விளம்பரமும் போட்டுவிட்டார். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கோமகள் கடப்பாரையோடு கோட்டைச் சிற்றாலயத்துக்குள் போகிறாள். தன் குழந்தை புதைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட கல்லறையின் மூடியை நெம்புகிறாள். அங்கே கதை நின்றுவிட்டது. குழந்தையைக் கொன்றது அதன் தகப்பன் கோமான்தான் என்று ஊரில் எல்லோருக்கும் உறுதி. வேறு என்ன நினைப்பார்கள்? இரண்டு பாகம் முழுக்க அவன் ஒருமுறைகூடக் குழந்தையின் பெயரைச் சொல்லவில்லை. இரவில் தாழ்வாரத்தில் தனியாக நடக்கிறான். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறான்.

வசந்தம் வந்தது. டாசி ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்து, ரிப்பன் பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"என்னால முடியலக்கா. பதிப்பாளருக்குக் கடுதாசில சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? அந்த ஆளு என்ன சொன்னான்?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள வரலன்னா, லண்டன்ல வேற ஒருத்தர வச்சு முடிச்சுக்கிறாராம். கல்லறை காலியா இருக்குமாம். கொழந்தை இடையர் வீட்டுல வளந்து பெரிசாகிக் கல்யாணத்துல வந்து நிக்குமாம். கோமானை மலையிலேர்ந்து தள்ளி விட்டுருவாங்களாம்."

"எல்லாக் கதையும் அப்படித்தானே முடியுது? நீயே அப்படி எழுதிட்டுப் போயேன்."

"எழுதிப் பாத்தேன்." அவள் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "கல்லறை காலின்னு எழுதினா, என் பொண்ணு இன்னும் எங்கயோ இருக்கிறான்னு மனசு நம்பிடுது. காலையில எழுந்து வாசலப் பாக்குறேன். காலி இல்லைன்னு எழுதினா, நானே திரும்ப அவளப் புதைக்கிற மாதிரி இருக்கு. அதுவும் தனியா. அந்த மனுஷன் இந்த ஒம்போது வருஷத்துல ஒரு தடவை அவ பேரச் சொன்னதில்லக்கா. அவருக்கு மறந்தேபோச்சு. மறந்தவர்கிட்டப் போய் என்னன்னு பேசுறது?"

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவன் காசுக்காக அந்தக் குழந்தையை உயிர்ப்பித்து ஆட்டம் போடவைப்பான் என்பதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. அவள் முடிக்காவிட்டால் அதுதான் நடக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாதிரியார் பின்வாசலில் நின்றார். கையில் இரண்டாம் பாகம். வழக்கமாகப் புத்தகத்தை நீட்டிவிட்டு ஓடுகிறவர் அன்றைக்கு அசையவில்லை.

"இத யாரு எழுதினது, பாஸ்கோ அம்மா?"

"ஒரு சீமாட்டின்னு போட்டிருக்குங்களே, ஐயா."

"கோமான்னா பட்டுக் காலுறை போடுவான். சாம்பல் கம்பளிக் காலுறை என் மாதிரி ஆளுங்கதான் போடுறது." தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "அந்தம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?"

நான் வேறு ஒரு புத்தகத்துக்கு அட்டை போடத் தொடங்கினேன். என் முகம் என்ன காட்டிக்கொடுத்ததோ தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, பரீட்சை முடிவைக் கேட்கும் பையனைப் போலக் கேட்டார்.

"அந்தக் கோமான்... நெசமாவே கெட்டவன்தானா?"

இந்தக் கேள்வியை அந்தப் புத்தகத்தைப் படித்த ஐம்பது பேரில் வேறு ஒருவரும் கேட்கவில்லை.

"அது மூணாம் பாகத்துலதாங்க தெரியும்."

"எப்ப வரும்?"

"எழுதினவங்களுக்கே கல்லறைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியலையாம். அதான் நிக்குது. மாசக் கடைசிக்குள்ள அவங்க எழுதலன்னா, வேற யாரோ கோமானை மலையிலேர்ந்து தள்ளி விட்டு முடிச்சுருவாங்களாம்."

அவர் தலையை ஆட்டினார். "இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கிறேன்" என்று புத்தகத்தைத் திரும்பவும் கோட்டுக்குள் செருகிக்கொண்டார். அன்றைக்குச் சந்தில் அவர் நழுவவில்லை. மெதுவாக, நடுத்தெருவில் நடந்து போனார்.

அந்த வாரம் முழுக்க என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. இருவரையும் பிடித்து ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். படித்ததை அவர் சொல்ல மாட்டார், எழுதியதை அவள் சொல்ல மாட்டாள். இரண்டையும் சுமக்க நான் ஒருத்தி. கடைத் தர்மமாவது மண்ணாவது என்று தோன்றிய நேரமும் உண்டு.

வெள்ளிக்கிழமை மழை. அவர் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். யார் திருப்பித் தந்தாலும் தாள்களைப் புரட்டிக் கறை பார்ப்பது என் வழக்கம், பாதிரியாராக இருந்தாலும் சரி. புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், கடப்பாரை கல்லறையைத் தொடும் இடத்தில், தட்டையாக ஒரு துணி இருந்தது.

குழந்தைக் குல்லாய். வெள்ளை நூல் மஞ்சளாகப் பழுத்திருந்தது. கடைசி வரிசை சாம்பல் கம்பளி.

நான் நிமிர்ந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடையாளத்துக்கு வச்சேன். எடுக்க மறந்துட்டேன்" என்றார்.

"எடுத்துக்கிறீங்களா, ஐயா?"

"வேண்டாம்." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அடுத்து யாரு இந்தப் புத்தகத்தக் கேக்குறாங்களோ, அவங்க பாத்துக்கட்டும்."

அவர் போனதும் நான் செய்த முதல் காரியம், புத்தகத்தை மிஸஸ் பிரௌஸ் கண்ணில் படாமல் இழுப்பறைக்குள் வைத்ததுதான். இரண்டாவது, என் பால்காரியைப் பாதிரியார் வீட்டுக்கு அனுப்பியது. டாசி கேட்ட கறுப்பு ரிப்பன் வந்திருக்கிறது, உடனே வா என்று. அவள் எந்த ரிப்பனும் கேட்டிருக்கவில்லை.

நனைந்துகொண்டே வந்தாள். "என்ன ரிப்பன்க்கா? எனக்கு ஒண்ணும் புரியல."

"ரிப்பன் கெடக்கட்டும். உன் புத்தகத்தக் கொஞ்சம் பாரு. கடைசிப் பக்கத்துல அச்சுப்பிழை இருக்காம்."

சலித்துக்கொண்டே திறந்தாள். குல்லாயைத் தொடவில்லை. விரலை அதன் மேலே, ஒரு நூல் இடைவெளியில் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டால் காணாமல் போய்விடும் என்று பயந்தவளாகத் தெரிந்தது.

"இது அவளோட போயிடுச்சுன்னு நெனச்சேன்... சவப்பெட்டிய மூடுறப்போ அவருதான் கிட்ட நின்னாரு." மூச்சு வாங்கியது. "யாருக்கா இந்தப் புத்தகத்தக் கடைசியா எடுத்துட்டுப் போனது?"

"கடைத் தர்மம், டாசி. சொல்ல மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குல்லாயை மார்போடு அழுத்திக்கொண்டு மழைக்குள் ஓடினாள். குடையும் புத்தகமும் என் மேசைமேல் கிடந்தன. நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, என் பாரமெல்லாம் இறங்க அழுதேன். நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தை வாடகைக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மாதக் கடைசிக்கு முன்னால், பாதி அவள் கையெழுத்திலும் பாதி கோழி கிளறிய மாதிரியான இன்னொரு கையெழுத்திலும் ஒரு கட்டுத் தாள் என் பெயரில் லண்டனுக்குப் போனது.

மூன்றாம் பாகம் கோடையில் வந்தது. முதல் பிரதியின் வெட்டாத தாள்களை நான்தான் கத்தி வைத்துப் பிரித்தேன். கோமகள் மூடியை நகர்த்துகிறாள். கல்லறை காலியாக இல்லை. குழந்தை அங்கேதான் இருக்கிறது. அப்போது இருட்டிலிருந்து கோமான் வருகிறான். கத்தி எடுப்பான் என்று எதிர்பார்த்த கை, அவளோடு சேர்ந்து மூடியைப் பிடிக்கிறது. 'அவள் பெயரை இந்தக் குழியின் முன் நின்று நானே சொன்னேன். அதற்குப் பிறகு எங்கே சொல்ல வாயெடுத்தாலும் அங்கே ஒரு குழி தெரிகிறது' என்கிறான். இருவருமாக மூடியைப் பழையபடி வைக்கிறார்கள். அந்த வரியை டாசி கற்பனை செய்திருக்க முடியாது. அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் நின்று அடக்க ஜெபம் படித்தது வேறு பாதிரியார் இல்லை, அவரேதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஊர்ப் பெண்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மிஸஸ் பிரௌஸ் ஒரு காலை நேரத்தில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, மூன்றாம் பாகத்தை என் மேசைமேல் பொத்தென்று போட்டாள்.

"செத்தது செத்ததாவே இருக்கு! இதுக்கா ஒரு வருஷம் காத்துக் கெடந்தோம்? எழுதினவளுக்குப் புத்தி பிசகிடுச்சு!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன்வாசல் மணி அடித்தது. முன்வாசல்! ஆம்ப்ரோஸ் லஸ்கம் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் கறுப்புக் கோட்டுமாக, பட்டப்பகலில், டாசியின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு உள்ளே வந்தார். மிஸஸ் பிரௌஸ் மேசைமேல் போட்ட புத்தகத்தை எடுத்துத் தன் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஐயாவுக்கு என்ன வேணுங்க?" என்றேன். கை பழக்கத்தில் பழுப்புக் காகிதத்தைத் தேடியது.

"காகிதம் வேண்டாம், பாஸ்கோ அம்மா" என்றார். தொண்டையைச் செருமினார். டாசி அவர் கையை இறுக்கிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. பிரசங்க மேடையில் பேசுகிற அதே குரலில், கடைசி வரிசைவரை கேட்கும்படி கேட்டார்.

"பெத்தியாவோட அம்மா எழுதின புத்தகம் வந்திருக்காமே. ஒண்ணு கொடுங்க."