வாயில் ஊசி இல்லாத நாள்

தையல்காரம்மா வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அவற்றை உதட்டில் கவ்வியபடியே அளவு கேட்பாள், விலை சொல்வாள், புருஷனோடு சண்டையும் போடுவாள். அந்தக் குழறலைப் புரிந்துகொள்வதில் புருஷன் கைதேர்ந்தவன். துணி வெட்டுவது அவன், தைப்பது அவள்.

பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்த வாரம் அது. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் மிஷினே கதியென்று கிடந்தாள். மதியம் ஏதோ சொன்னாள், வார்த்தை கொழகொழவென்று வந்தது. வெட்டுகிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "முதல்ல வாயில இருக்கிறத எடுத்துட்டுப் பேசும்மா" என்றான் அவன். அவள் மறுபடியும் சொன்னாள். "எனக்கே புரியலன்னா ஊர்ல யாருக்குப் புரியும்?" என்று கிண்டல் வேறு.

துணி வாங்க வந்த டீச்சர்தான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ, இவங்க வாய் கோணுதே! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!"

அவள் வாயில் ஒரு ஊசிகூட இல்லை. அவன் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

பக்கவாதம் என்றார்கள். நாற்பதுகூட ஆகவில்லை, சர்க்கரையும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை. துருவித் துருவிப் பார்த்த டாக்டர், காரணத்தை இதயத்தில் கண்டுபிடித்தார்.

"மேலறை ரெண்டுக்கும் நடுச்சுவர்ல சின்னதா ஒரு ஓட்டை. கருவுல எல்லாருக்கும் இருக்கும், பொறந்தப்புறம் மூடிக்கும். நாலு பேர்ல ஒருத்தருக்கு மூடாது. அதுல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இவங்களுக்குக் கால்ல உறைஞ்ச ரத்தம் அந்த வழியா மூளைக்குப் போயிருக்கணும்."

"இத்தன வருஷமாவா உள்ளயே இருந்துச்சு?"

"பொறந்ததுலேருந்து. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

டாக்டருக்கு என்ன தெரியும்? அவர் கடையில் இல்லையே.

தொடை ரத்தக்குழாய் வழியாகக் குட்டிக் குடை போன்ற ஒன்றை அனுப்பி ஓட்டையை அடைத்தார்கள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. அவனுக்கோ ஒரே ஒரு கேள்வி தொண்டையில் நின்றது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, அவளுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தவன் தலை நிமிராமலே கேட்டான்.

"அன்னிக்கு என்கிட்ட என்னம்மா சொன்ன?"

அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"கை வரல... பயமா இருக்கு... பக்கத்துல வாங்கன்னு."

அவன் அவள் காலைப் பிடித்தபடியே உடைந்து அழுதான். நர்ஸ் பார்ப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அவள் இடது கையால் அவன் தலையைத் தடவினாள்.

"அதான் வந்துட்டீங்கல்ல."